பழைய கெட்டில் கிரில்: எது ஃபேக்டரி குறை, எது அப்புறம் வந்தது?

மே 3, கேள்வி

கராஜ் சேலில் ஒரு பழைய சிவப்பு கெட்டில் கிரில் வாங்கினேன், மூடி போட்டுக் கரியில் சுடும் உருண்டை அடுப்பு, 22 இஞ்ச். எழுபதுகளில் வாங்கியது என்கிறார் விற்ற பெரியவர். மூடிக்கு வெளியே, கைப்பிடிப் பக்கம் மூன்று நாலு இடத்தில் எனாமல் சின்னச் சின்னதாகப் பெயர்ந்திருக்கிறது. "வாங்கும்போதே அப்படித்தான், கம்பெனி டிஃபெக்ட்" என்று சத்தியம் செய்கிறார். மூடியின் உள்பக்கம் கறுப்புப் பெயிண்ட் உரிந்து விழுகிறது. மூடி ஒரு நிலையில் பொருந்துகிறது, கொஞ்சம் திருப்பிப் போட்டால் ஆடுகிறது. இதில் எதெல்லாம் தயாரிப்புக் குறை? இதில் சமைக்கலாமா? பழைய கிரில் வைத்திருக்கும் அண்ணன்கள் சொல்லவும்.

மே 3, இரவு

மூன்றும் மூன்று வேறு கதை. சுலபமானதை முதலில் முடிக்கிறேன்.

உள்ளே உரிவது பெயிண்ட் இல்லை. இந்த மூடிகளுக்கு உள்ளும் புறமும் பீங்கான் எனாமல்தான், அதாவது எஃகுத் தகட்டின்மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. கண்ணாடி அப்படித் தாள் தாளாக உரியாது. உரிவது வருஷக்கணக்கில் படிந்த கொழுப்பும் புகையும் வெந்து கரியான படலம். இப்படிப்பட்ட கிரில்களைச் செய்யும் வெபர் நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு இதைத் திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருக்கிறது. இருந்தும் "பெயிண்ட் உரியுது, ஏமாத்திட்டாங்க" என்று மாதம் ஒருவராவது எழுதாமல் இருப்பதில்லை.

அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, மூடி வெதுவெதுப்பாக இருக்கும்போது தேய்க்கவும். கத்தி வேண்டாம். சுரண்டி முடித்ததும் அடியில் பளபளவென்று கறுப்பு தெரியும், அதுதான் நிஜ எனாமல்.

மே 4

எனாமல் பெயர்ந்த குழிக்கு வருவோம். அளவை விடுங்கள். குழியின் அடியில் என்ன நிறம் தெரிகிறது என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சிவப்புக்கு அடியில் கருநீலமோ கறுப்போ தெரிந்தால் மேல்பூச்சு மட்டும் போயிருக்கிறது. சாம்பல் நிறத் தகடோ துருவோ தெரிந்தால் அடிப்பூச்சும் சேர்ந்து போயிருக்கிறது. வண்ண எனாமல் எஃகில் நேராக நன்றாகப் பிடிக்காது. அதனால் முதலில் கோபால்ட் ஆக்சைடு கலந்த அடிப்பூச்சு ஒன்று போட்டுச் சுடுவார்கள். அந்த கோபால்ட்தான் கண்ணாடியை இரும்போடு கட்டிப்போடுகிறது, கருநீலமும் அதனால்தான். அது ஆறியபின் வண்ணத்தைத் தெளித்து இன்னொரு முறை சுடுவார்கள். இரண்டு முறையும் உலை 800 டிகிரி செல்சியஸ் சுற்றி, ஃபாரன்ஹீட்டில் 1500 பக்கம். நேரம் சில நிமிஷம்தான்.

கீழே விழுந்து அடிபட்ட இடத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. அடி விழுந்த புள்ளியில் தகடு லேசாக உள்வாங்கியிருக்கும், அதைச் சுற்றிக் கண்ணாடி விரிசல் ஓடும், அடிப்பூச்சும் கூடவே பெயர்ந்திருக்கும். தகட்டில் நெளிவே இல்லாமல் எனாமல் மட்டும் பெயர்ந்திருந்தால் பெரியவர் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

மே 7

தம்பி படம் போட்டிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். நெளிவு இல்லை. நாலும் பிறைநிலா வடிவம், ஓரம் கூர்மை.

பெரியவர் பொய் சொல்லவில்லை. எனாமல் தொழிலில் இதற்கு மீன்செதில் என்றே பெயர். உண்மையான தயாரிப்புக் குறைகளில் எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் அவ்வளவு விசித்திரம்.

எனாமல் குழம்பில் தண்ணீரும் களிமண்ணும் உண்டு. உலைச் சூட்டில் அந்த ஈரம் இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுகிறது. சூடான எஃகு ஹைட்ரஜனை நிறையவே கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறும்போது அவ்வளவையும் தாங்காது. வெளியே போக வேண்டும், ஆனால் அதற்குள் இரண்டு பக்கமும் கண்ணாடி இறுகி மூடிவிடுகிறது. எஃகுக்கும் எனாமலுக்கும் நடுவில் வாயு சேர்ந்து, அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் டக்கென்று ஒரு பிறைத் துண்டை எகிறவைக்கும். இது உலையிலிருந்து எடுத்த உடனே நடக்க வேண்டும் என்றில்லை. சில மணி நேரம் கழித்தும் நடக்கும், சில நாள் கழித்தும் நடக்கும். ஃபேக்டரியில் சோதித்தவர் கண்ணுக்குச் சுத்தமாக இருந்த மூடி, பெட்டிக்குள் கடைக்குப் போகும் வழியில் செதில் உதிர்த்திருக்கலாம். வாங்கியவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து "யாரோ கீழே போட்டிருக்கான்" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருப்பார்.

எனாமலுக்கென்றே செய்யும் எஃகில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். ஹைட்ரஜன் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும். அப்படியில்லாத சாதாரணத் தகடு ஒரு சுருள் தவறி வந்துவிட்டால், அந்தச் சுருளில் செய்த மூடியெல்லாம் செதில் விடும். ஆள் பிழை இல்லை, தகட்டின் பிழை.

மே 8

"ஐம்பது வருஷம் கழித்தும் செதில் வெடிக்குமா?" என்று கீழே ஒருவர். வெடிக்காது, ஹைட்ரஜன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது புதிதாகப் பெயர்ந்தால் பழி உங்கள் கராஜ் கதவின்மேல்.

மே 8, இன்னும் ஒன்று

பிறைவடிவக் குறையால் சமையலுக்கு ஒன்றும் ஆகாது. மூடியின் வெளிப்பக்கம், மழை படாமல் வைத்தால் துருவும் பரவாது. சமைக்கலாம். இதைச் சொல்ல மறந்து வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் திட்டு.

மே 11

படத்தில் இன்னொன்று பார்த்தேன், யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கைப்பிடித் தாங்கி மூடியில் ஒட்டும் இடத்தைச் சுற்றி எனாமல் நுரைத்துக் கொப்புளமாக இருக்கிறது, அதில் ஊசிமுனை ஓட்டைகள்.

என்னிடம் இருக்கும் பழுப்பு கெட்டிலிலும் அப்படித்தான், கால் சொருகும் சாக்கெட்டைச் சுற்றி. அது வேறு கம்பெனி. யார் செய்தாலும் அந்த இடம் தகராறுதான், ஏனென்றால் தாங்கியையும் சாக்கெட்டையும் முதலில் வெல்டிங் செய்துவிட்டு அப்புறம்தான் எனாமல். தகட்டின் எண்ணெயும் துருவும் போக அமிலத்தில் முக்குவார்கள். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடுக்கில் அமிலமும் தண்ணீரும் கொஞ்சம் தங்கிவிடும். உலையில் அது கொதித்து வெளியே வரும்போது உருகிய கண்ணாடியைக் கிளறிவிட்டுப் போகும். கொப்புளம், ஓட்டை, பழுப்புக் கறை எல்லாம் அதன் தடம்.

இந்தக் குறையைத்தான் நான் கவனிப்பேன். மூடியின் கைப்பிடியில் என்றால் போகட்டும். கரி வைக்கும் கீழ்ப்பாதியான சட்டியின் சாக்கெட்டில் என்றால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். மூன்று கால் கிரிலுக்கு ஒரு சாக்கெட் போனால் கிரிலே போச்சு.

மே 16

மூடி ஆடுவது. இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், இதுதான் பெரிய விஷயம்.

எனாமல் ஓட்டையைப் பார்த்துப் பார்த்து வருந்துகிறவர்கள் வட்டத்தை அளந்தே பார்ப்பதில்லை. கெட்டில் என்பதே காற்றை அடக்கி ஆளும் பாத்திரம். தீயை ஏற்றுவதும் இறக்குவதும் அடியிலும் மேலும் இருக்கும் காற்றுத் துளைகளால். மூடியும் சட்டியும் வட்டமாக இல்லையென்றால் நீங்கள் வைக்காத ஒரு துளை விளிம்பில் தானாகத் திறந்திருக்கிறது.

ஏன் கோணுகிறது? தட்டையான தகட்டை அச்சில் வைத்து அழுத்தி அரைக்கோளம் ஆக்குகிறார்கள். தகடு ஒரு பக்கம் இழுபடும், ஒரு பக்கம் சுருங்கும். அந்த இழுவிசை உள்ளுக்குள் அடங்கிக் கிடக்கும். பிறகு 800 டிகிரி உலை. அந்தச் சூட்டில் எஃகின் விறைப்பு பெருமளவு போய்விடும். அடங்கிக் கிடந்தது விடுபடும், கூடவே சட்டி தன் எடையிலேயே தொய்யும். எந்தப் புள்ளியில் தொங்கவிட்டார்கள் அல்லது தாங்கினார்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முட்டை வடிவம் வரும். இதில் வில்லங்கம் என்னவென்றால், எனாமல் சுட்ட பிறகு தட்டி நிமிர்த்த முடியாது, கண்ணாடி நொறுங்கிவிடும். சாதாரணப் பெயிண்ட் அடித்த பொருள் என்றால் கடைசியில் ஒரு தட்டு தட்டிச் சரிசெய்து அனுப்பலாம். இங்கே உலையிலிருந்து எந்த வடிவத்தில் வந்ததோ அதுதான் வடிவம். ஒரு மூடி இந்தப் பக்கம் முட்டை, ஒரு சட்டி அந்தப் பக்கம் முட்டை, இரண்டும் ஒரே பெட்டியில் ஜோடி சேர்ந்தால் ஒரு நிலையில் பொருந்தும், திருப்பினால் ஆடும். தம்பியின் கிரில் அந்த ரகம்.

அளப்பது எப்படி: இழுப்பு டேப்பை விளிம்பின் குறுக்கே நாலு திசையில் வைத்துப் படிக்கவும். சட்டிக்குத் தனியாக, மூடிக்குத் தனியாக. 22 என்று சொல்லும் கிரில் சிலருக்கு 22.5 என்று தெரிந்திருக்கும், குழம்ப வேண்டாம். வெபர் பல காலம் 22.5 என்று விளம்பரம் செய்து பின்னர் 22 என்று மாற்றிக்கொண்டது. நமக்கு வேண்டியது எண் இல்லை, நாலு அளவுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். கால் அங்குலம் தாண்டினால் புகை காட்டிக்கொடுக்கும், அதற்குள் என்றால் விட்டுவிடுவேன்.

இருட்டில் உள்ளே டார்ச் விளக்கு வைத்து மூடிப் பார்ப்பது இன்னொரு வழி. ஆனால் ஒளி கசியாத பழைய கெட்டிலை நான் பார்த்ததில்லை, புதியதிலும் பார்த்ததில்லை. பயந்துவிடாதீர்கள்.

மே 17

பட்டை கட்டி இறுக்கினால் வட்டமாகுமா என்கிறார் ஒருவர். லாரிக்குச் சரக்கு கட்டும் அந்த ராட்செட் பட்டைதானே? சிலர் செய்கிறார்கள். எனாமல் கொஞ்சம் வளையும். எவ்வளவு கொஞ்சம் என்பது விரிசல் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். என் கிரிலில் செய்ய மாட்டேன், உங்கள் கிரிலில் செய்துபார்க்க ஆட்சேபம் இல்லை.

மூடி எந்த நிலையில் நன்றாகப் பொருந்துகிறதோ அந்த இடத்தில் மூடிக்கும் சட்டிக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். செலவு இல்லை.

மே 24

காலைப் பற்றிப் பேசாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

பழைய கெட்டில்களின் கால் அலுமினியக் குழாய். சாக்கெட்டில் சொருகி நிற்கிறது, அவ்வளவுதான். திருகு கிடையாது, பூட்டு கிடையாது, உராய்வு மட்டும். கிரிலைத் தூக்கி நகர்த்தும்போது ஒரு கால் கழன்று புல்வெளியில் நிற்கும், மற்ற இரண்டோடு நீங்கள் நிற்பீர்கள். உள்ளே கரி எரிந்துகொண்டிருக்கும். இதைத் தயாரிப்புக் குறை என்பதா? வடிவமைப்பே அப்படி என்று ஒருவர் வாதாடலாம். பெட்டிக்குள் சின்னதாக மடக்கி அனுப்ப, வீட்டில் ஸ்பேனர் இல்லாதவனும் மாட்டிக்கொள்ள, அந்தச் சொருகல் தேவைப்பட்டது. என் தீர்ப்பு: சொருகல் வடிவமைப்பு, தளர்ந்த சொருகல் குறை. சாக்கெட்டின் உள்விட்டம் எனாமலின் தடிமனைப் பொறுத்து மாறும், பூச்சு ஒரு பக்கம் வழிந்து தடித்தால் கால் இறுகும், மெலிந்தால் ஆடும். ஒரே கிரிலில் ஒரு கால் கழற்றவே வராது, இன்னொரு கால் கையோடு வரும்.

வராத காலை முறுக்காதீர்கள். சாக்கெட் விளிம்பில் எனாமல் ஏற்கெனவே பலவீனம், முறுக்கினால் பெயரும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டவும். ஆடும் காலுக்குச் சிலர் சாக்கெட்டில் துளைபோட்டுத் திருகு முடுக்குகிறார்கள். சேகரிப்பவர்கள் அதைப் பார்த்தால் நெஞ்சைப் பிடிப்பார்கள். அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றிச் சொருகினாலே போதும்.

அடியில் தொங்கும் சாம்பல் தட்டில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருந்தால் அதற்கு ஃபேக்டரியைத் திட்ட வேண்டாம். கரிச் சாம்பலில் பொட்டாசியம் காரம் உண்டு. ஈரம் பட்டால் அது அலுமினியத்தை அரிக்கும். சாம்பலைக் கொட்டாமல் மழைக்காலம் முழுக்க விட்ட யாரோ ஒரு புண்ணியவானின் வேலை.

ஜூன் 2

வயதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இரண்டு பேர். வெபர் என்றால் 1979 முதல் மூடியின் காற்றுத் தகட்டில், அதாவது மேல்துளையைத் திறந்து மூடும் தகட்டில், ஓர் ஆங்கில எழுத்தைப் பொறித்தார்கள், ஆண்டுக்கு ஓர் எழுத்து, ‘ஏ’யில் தொடக்கம். எழுத்தே இல்லையென்றால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு. ஆனால் அந்த எழுத்து தகட்டின் வயதைத்தான் சொல்கிறது. மூடி மாற்றி மாட்டியதாக இருந்தால் சட்டியின் வயது வேறு. அடியில் மூன்று துளைக்கும் மூன்று தனித்தனிக் காற்றுத் தகடு இருந்தால் பழைய அமைப்பு. ஒரே பிடியை ஆட்டினால் மூன்றும் சேர்ந்து திறந்து சாம்பலையும் தள்ளிவிடும் ஏற்பாடு பின்னால் வந்தது.

ஆரம்பக் கதை தெரியாதவர்களுக்கு: சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற பட்டறை. தண்ணீரில் மிதக்கவிடும் அடையாள மிதவைகளுக்கு இரும்பு அரைக்கோளங்களைச் செய்து பற்றவைத்துக் கொடுப்பதும் அங்கே ஒரு வேலை. அங்கிருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன், திறந்த அடுப்பில் காற்றும் மழையும் படுத்தும் பாட்டில் வெறுத்துப்போய், 1952இல் மிதவைக் கோளத்தை அடுப்பாக்கினார். பாதி சட்டி, பாதி மூடி, கீழே கால்கள். பார்த்தவர்கள் பிற்பாடு, சோவியத் செயற்கைக்கோள் பெயரால், ஸ்புட்னிக் என்று கிண்டல் செய்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோளம் என்பது சமையல் யோசனையில் பிறந்ததல்ல, பட்டறையில் கைவசம் இருந்த வடிவம். மிதவைக்கு இரண்டு பாதியையும் பற்றவைத்து மூடிவிடுவார்கள், விளிம்பு கொஞ்சம் கோணினாலும் வெல்டிங் மறைத்துவிடும். அடுப்பில் அந்த விளிம்பு திறந்தே இருக்கிறது. இந்த இழையில் நாம் புலம்பும் வட்டப் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் ஊகம்.

ஜூன் 9

மே 16 எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். விளிம்புக் கசிவு எவ்வளவு கெடுதல் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், நேற்று கோழி வைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து புகையை மட்டும் பார்த்தேன்.

மேல்துளை முழுக்கத் திறந்திருந்தபோது விளிம்பிலிருந்து புகை அநேகமாக வரவே இல்லை. மேல்துளையைப் பாதி மூடினேன், விளிம்பில் புகை கிளம்பியது. இதில் மாயம் இல்லை. சூடான காற்று மேலே போக வழி இருந்தால் உள்ளே விளிம்பு மட்டத்தில் அழுத்தம் குறைவு, அங்கே வெளிக்காற்று உள்ளேதான் போகப் பார்க்கும். மேல் வழியை அடைத்தால் அழுத்தம் இறங்கிவந்து விளிம்பு வழியாகப் புகை தள்ளும். "என் கிரில் விளிம்பெல்லாம் புகை ஒழுகுது, டிஃபெக்ட்" என்கிறவர்களில் பாதிப்பேர் மேல்துளையை மூடி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மேலே திறந்து வையுங்கள், தீயை அடியில் அடக்குங்கள்.

அதனால் என் வரிசையை மாற்றுகிறேன். முதல் கவலை அடித்துளைத் தகடுகள். அவை நெளிந்து சரியாக மூடாமல் இருந்தால் தீ நம் பேச்சைக் கேட்காது, ஏனென்றால் காற்று நேராகக் கரிக்கு அடியில் போகிறது. விளிம்பு இரண்டாவது. கசியும் பக்கத்தைக் கரி இல்லாத பக்கமாக வைத்துக்கொண்டால் அதுவும் பெரிதாகத் தெரியாது.

டார்ச் விளக்கைவிட நல்ல சோதனை: சமையல் முடிந்ததும் மேலும் கீழும் மூடிவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் மிச்சக் கரி அணைந்து கிடந்தால் கிரில் நல்ல கிரில். சாம்பல் மட்டும் இருந்தால் எங்கோ திறந்திருக்கிறது.

ஜூன் 10

"அப்போ எனாமல் குறையெல்லாம் குறையே இல்லையா?" இருக்கு. விலைக்கு இருக்கு, சமையலுக்கு இல்லை.

ஜூன் 15

மூடியும் சட்டியும் வேறு வேறு சிவப்பு, யாரோ மாற்றிக் கோத்துவிட்டார்கள் என்று ஒரு நண்பருக்குச் சந்தேகம். அவசரப்பட வேண்டாம். சிவப்பு எனாமல் எல்லாரையும் அழவைக்கும் நிறம். பழைய பளீர்ச் சிவப்பும் ஆரஞ்சும் காட்மியச் சேர்மத்தால் வருபவை. உலைச் சூடு கொஞ்சம் கூடினாலோ ஒரு நிமிஷம் அதிகம் இருந்தாலோ கறுத்துப் பழுப்படிக்கும். ஒரே நாளில் சுட்ட மூடியும் சட்டியும் உலையில் இருந்த இடத்தைப் பொறுத்து ஒத்துப்போகாமல் வரலாம். கறுப்பில் இந்தத் தொல்லை கிடையாது. கறுப்பு கிரில் எங்கும் கொட்டிக்கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

எழுபதுகளின் வண்ணங்கள் சேகரிப்பவர்களைப் பைத்தியமாக்கும்: பழுப்பு, மஞ்சள், பச்சை, நீலம். என் பச்சையில் ஒரு பக்கம் மேல்பூச்சு மெலிந்து அடிப்பூச்சின் கருமை புகைபோலத் தெரிகிறது. தெளித்தவர் கை அந்தப் பக்கம் வேகமாகப் போயிருக்கிறது. விற்கச் சொன்னால் விற்க மாட்டேன். மனைவி அதை விலை கேட்காமலே கொடுக்கத் தயார்.

ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டு இல்லை. பழைய வண்ண எனாமல்களில் காட்மியமும் ஈயமும் இருக்கலாம். கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கும்வரை பயமில்லை. கிரைண்டர் வைத்துத் தேய்த்துப் பொடியாக்கி மூச்சில் இழுக்காதீர்கள். பெயர்ந்த ஓரத்தைச் சீராக்க வேண்டுமென்றால் ஈரமாக, கையால்.

ஜூன் 28

பழுது பார்ப்பது பற்றி நிறைய கேள்வி, பதில் சின்னது.

வெளிப்பக்கப் பெயர்ச்சிக்குத் துருவைத் துடைத்து, அடுப்புகளுக்கு விற்கும் சூடு தாங்கும் பெயிண்டைத் தொட்டுவைக்கவும். குளியல்தொட்டி எனாமலுக்கு விற்கும் ஒட்டுப்பசை வகையறா வேண்டாம், அது சமையல் சூட்டிலேயே கருகும். உள்பக்கத்துக்கு எதுவும் வேண்டாம், எண்ணெய் தடவிச் சமைத்துக்கொண்டே இருங்கள், கொழுப்பே பூச்சு.

புதிதாக எனாமல் சுட்டுத் தரும் பட்டறைகள் ஒன்றிரண்டு உண்டு. பழையதை மணல் அடித்து உரித்துவிட்டுத்தான் சுட முடியும். அதே தகடு, அதே உலைச் சூடு. முதல் தடவை செதில் விட்ட தகடு இரண்டாம் தடவையும் விடலாம், கோணலும் இன்னும் கூடலாம். கேட்கும் காசுக்கு இரண்டு நல்ல கெட்டில் வாங்கலாம்.

ஜூலை 5

நேற்று அமெரிக்கச் சுதந்திர தின விருந்தில் ஒரு நண்பர், கொழுப்புத் தீ எழும்பியதும், சூடான மூடியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். சத்தம் தெரு முனைவரை கேட்டிருக்கும். மேலே சிலந்திவலை விரிசல்.

இது எழுபதுகளின் கிரில் இல்லை, போன வருஷத்து கிரில். இன்னும் பத்து வருஷம் கழித்து அதை யாராவது கராஜ் சேலில் வாங்கி, "ஃபேக்டரி விரிசல்" என்று இங்கே எழுதப்போகிறார்கள். அடையாளம் சொல்லிவைக்கிறேன்: உலையிலேயே வந்த மயிரிழைக் கோடுகள் ஓரளவு இணையாக ஓடும், மேலே விரல் வைத்தால் தெரியாது, கண்ணாடி மறுபடி உருகி மூடியிருக்கும். தண்ணீர் பட்ட விரிசல் ஒரு இடத்தில் குவிந்து, நகத்தால் தடவினால் தட்டுப்படும், நாள்பட அதில் துருக்கோடு ஏறும்.

தீ எழும்பினால் மூடியைப் போட்டுத் துளைகளை அடைக்கவும். இந்த அடுப்புக்கு மூடி வந்ததே இதற்கும் சேர்த்துத்தான்.

ஜூலை 20

விலை. "ஃபேக்டரி டிஃபெக்ட், அபூர்வம், அதனால் அதிக விலை" என்று ஒருவர் மஞ்சள் கெட்டில் விற்கிறார், வாங்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்குப் பொதுவிலேயே பதில், மற்றவர்களுக்கும் பயன்படும்.

தபால்தலையில் அச்சுப்பிழைக்கு விலை ஏறும். எனாமல் தொழிலில் குறைப்பட்ட பொருள் இரண்டாம் தரம் என்று மலிவாகப் போவது காலங்காலமாக வழக்கம். மஞ்சள் என்பதற்காகக் கூடுதல் கொடுங்கள், கொப்புளத்துக்காகக் கொடுக்காதீர்கள். அவர் போட்டிருக்கும் படங்கள் எல்லாம் மூடியின் மேல்பக்கம், நல்ல வெயிலில், வடிவாக எடுத்தது. சட்டியைக் கவிழ்த்து ஒரு படம், மூன்று சாக்கெட்டும் தெரியும்படி கேளுங்கள். அடித்துளைத் தகடுகளை மூடிவைத்து உள்ளிருந்து இன்னொன்று. மூடியின் காற்றுத் தகட்டு எழுத்தும் தெரிந்தால் நல்லது. மூன்றும் வந்தால் இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு விலை சொல்கிறேன். படம் அனுப்ப மாட்டேன் என்றால் அதுவே பதில்.